ஏடு பிரியாத கால்

பட்டறையில் அவளுக்கு உடும்பு என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அடையாள அட்டையில் இருக்கிறது. அதை யாரும் தொந்தரவு செய்வதில்லை. ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள் என்பதால் வந்த பெயர் இது. மூடி திறக்காத டப்பாவை மற்றவர்கள் வெந்நீரில் வைப்பார்கள், பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுவார்கள். இவள் அதை மடியில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு நேரம் முழுக்க மல்லுக்கு நிற்பாள். திறந்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். உள்ளே இருப்பதைச் சாப்பிட நேரம் இருக்காது, அது வேறு விஷயம்.

அந்தப் பட்டறையில் செயற்கைப் பாதம் செய்கிறார்கள். விரலும் நகமுமாகக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற பொம்மைப் பாதத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது கறுப்பாக, முனை வளைந்த ஒரு பட்டை. செருப்புக்குள் அடங்கிவிடும். குதிகாலில் எடை விழுந்தால் அமுங்கும். அடுத்த அடி எடுக்கும்போது வாங்கிய எடையைத் திருப்பிக் கொடுத்து ஆளை முன்னால் தள்ளும். கார்பன் இழையில் நெய்த துணியை ஏடு ஏடாக அடுக்கி, நடுவே பிசின் ஊட்டி, அச்சில் வைத்து அழுத்திச் சுட்டெடுத்தால் இந்தப் பட்டை கிடைக்கும்.

கார்பன் இழை தலைமுடியைவிட மெல்லியது. இழுத்துப் பார்த்தால் இரும்பு வெட்கப்படும். இத்தனை பெருமை இருந்தும் அதற்கு ஒரே ஒரு குறை: யாரோடும் ஒட்டாது. மேலே அவ்வளவு வழுவழுப்பு. அப்படியே பிசினில் முக்கினால், பழைய சண்டையை மறக்காத சம்பந்தி மாதிரி பக்கத்தில் உட்காருமே தவிர முகம் கொடுத்துப் பேசாது. அதனால் பிசினைக் கண்ணில் காட்டுவதற்கு முன்னால் இழையைக் குளிப்பாட்ட வேண்டும். சுருளிலிருந்து பிரிந்து வருகிற இழை ஓர் உப்புக் கரைசல் தொட்டிக்குள் இறங்கும். அங்கே அதன் வழியாக மின்சாரம் ஓடும். மின்சாரம் இழையின் மேல்தோலை லேசாகக் கடித்து, பிசின் பற்றிக்கொள்ள இடம் செய்து கொடுக்கும். பிறகு அலசல், அடுப்பில் உலர்த்தல், சின்னச் சின்ன உருளைகள் மேல் ஒரு நடை, கடைசியில் மறுபடி சுருள். இந்தத் தொட்டி அறைதான் உடும்பின் ராஜ்யம்.

அவளுக்கு முன்னால் அதை ஆண்டவர் வழுக்கை அண்ணன். தலையில் மருந்துக்கும் முடி கிடையாது. அவர் காலத்தில் ஒரு பாதம்கூட ஏடு பிரிந்ததில்லை. முதுகுவலி வந்து அவர் சோதனை மேசைக்கு மாறிப் போனார். மாதிரித் துண்டுகளை எந்திரத்தில் வைத்து உடைத்துப் பார்க்கிற, உட்கார்ந்த இடத்து வேலை. தொட்டி அறை உடும்பின் கைக்கு வந்தது. "அண்ணனுக்குக் கைராசி" என்று பட்டறையில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சைக் கேட்டாலே இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். தொட்டிக்கு என்ன தெரியும், யார் கை ராசியான கை என்று?

தான் குளிப்பாட்டிய இழையில் உருவான முதல் பாதங்களில் ஒன்றை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனாள், அத்தைக்காக.

அத்தை என்றால் கணவனைப் பெற்றவள். வீட்டின் முன்னறையில் சலூன் நடத்துகிறவள். ஒரே நாற்காலி, ஒரே கண்ணாடி, ஒரே வாய். மூன்றுக்கும் ஓய்வு கிடையாது. ஆண், பெண், அலறுகிற குழந்தை எல்லாரும் அந்த நாற்காலியில்தான் உட்கார வேண்டும். ஆறாத புண் ஒன்றுக்காக அத்தையின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துப் பல வருடம் ஆகிறது. வாங்கிய பாதம் ஒன்றை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நாற்காலியைச் சுற்றி வருவாள். "முடி வெட்டுறது கையால இல்ல, காலால. தலையைச் சுத்தி வரத் தெரியாதவனுக்குக் கத்திரிக்கோல் எதுக்கு?" என்பாள். அந்தப் பாதம் தேய்ந்தபோதுதான் மருமகள் தன் பட்டறைப் பாதத்தைக் கொண்டுவந்தாள். மிச்சக் காலில் மாட்டுகிற கிண்ணமும் அதன் கீழே உள்ள குழாயும் பழையவையே. அடியில் பாதத்தை மட்டும் மாற்றித் திருகினால் போதும்.

அத்தை அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாவாடையைத் தூக்கிக் காட்டினாள். "என் மருமக செஞ்சது. உங்க வீட்டுல யாராவது செஞ்சு குடுத்திருக்காங்களா?"

பெருமை நீடிக்கவில்லை. ஒரு நாள் காலை, வாடிக்கையாளர் ஒருவரின் பின்கழுத்தில் அத்தை கத்தி வைத்திருந்தாள். இடது பக்கம் முடித்துவிட்டு எடையை வலது காலுக்கு மாற்றினாள். காலுக்கடியில் உலர்ந்த சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது. பாதம் ஏடு ஏடாக விரிந்து மடங்க, அத்தை பக்கவாட்டில் சாய்ந்தாள். விழுகிற வேகத்திலும் கத்தியைத் தூர எறிந்துவிட்டாள். அதனால் வாடிக்கையாளரின் கழுத்து தப்பியது. அத்தையின் இடுப்பெலும்பும் தப்பியது. தோல்தான் கன்னிப்போய்க் கறுத்தது.

கறுத்த இடம் ஆறிவிட்டது. பயம் ஆறவில்லை. தான் விழுந்ததை அத்தை பெரிதாக நினைக்கவில்லை. அந்தக் கத்தி இன்னும் ஒரு நூல் நகர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் அவளைத் தின்றது. கடைக் கதவைச் சாத்தினாள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தாள். கேலியை மட்டும் விடவில்லை. "ஊர்ல மருமகளுங்க மாமியார் காலை வாரி விடுவாங்க. என் மருமக புதுசா ஒரு காலைச் செஞ்சு குடுத்து வாரி விட்டா" என்பாள். சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். உடும்புக்குச் சிரிப்பு வராது.

"வேற பாதம் கொண்டு வரேன் அத்தை. நல்லா சோதிச்சுப் பாத்து..."

"போன பாதத்தையும் சோதிச்சுட்டுதானே கொண்டு வந்தே?"

"ஆமா."

"அப்போ ஏன் பிரிஞ்சுது? அதைச் சொல்லு. காரணம் இதுன்னு சொன்னா மறு நிமிஷம் மாட்டிக்கிறேன். தெரியலன்னா, தங்கத்துல செஞ்சு கொண்டு வந்தாலும் தொடமாட்டேன். அடுத்தவங்க கழுத்துல கத்தி வெக்கிற தொழில்டி எனக்கு."

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒருவர் புதிதாகச் சலூன் திறக்கிறார். தன் நாற்காலியை அவருக்குத் தருவதாக அத்தை சொல்லிவிட்டாள். வருகிற விடுமுறை நாளுக்கு அடுத்த விடுமுறையில் தள்ளுவண்டியோடு வந்து எடுத்துக்கொண்டு போவார். அதற்குள் காரணம் தெரிய வேண்டும். நாற்காலி வாசலைத் தாண்டினால் அத்தை மறுபடி எழுந்திருக்கப் போவதில்லை என்று உடும்புக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

கடை மூடிய பிறகு அத்தையின் கைக்கு மிஞ்சிய தலை மருமகளுடையது ஒன்றுதான். கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தலை அத்தையின் சொத்து. இடுப்புக்குக் கீழே தொங்குகிற கூந்தல். சலூனுக்குப் பெயர்ப்பலகையே தேவையில்லை என்று சொல்லும்படி மினுங்கும். தினமும் காலையில் முக்காலியில் உட்கார வைத்து, சிக்கெடுத்து, வாரி, கண்ணாடிப் புட்டியிலிருந்து முடிக்கு மினுமினுப்பு ஏற்றுகிற சீரத்தை உள்ளங்கையில் ஊற்றி வேர் முதல் நுனி வரை நீவி, இறுக்கப் பின்னிவிடுவாள். இப்போது அந்த வேலைக்கு முன்னைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். முடிந்த பிறகும் இல்லாத சிக்கைத் தேடுவாள். உடும்பு அசையாமல் உட்கார்ந்திருப்பாள். வேலைக்கு நேரமாகும், ஆனாலும் எழுந்திருக்க மனம் வராது.

பட்டறையில், தொட்டி அறை உடும்பின் கைக்கு வந்த பிறகு குளித்த இழையில் செய்து வெளியே போன பாதங்களையெல்லாம் திரும்ப வரவழைத்தார்கள். மேலாளர் உடும்பைக் கூப்பிட்டார். அறை வாசலிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது: கிரீம், வாசனைத் திரவியம் எதுவும் கூடாது. இழைமேல் பிசுக்கு பட்டால் பிசின் பிடிக்காது என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த பாடம்.

"கைக்கு ஏதாவது தடவுறியா?"

"இல்ல சார்."

"சென்ட்? தலைக்கு?"

"நான் எதுவும் போட்டுக்கிறதில்ல சார்."

போட்டுக்கொள்கிறவள் இல்லைதான். தொப்பி, கையுறை எல்லாம் சரியாக அணிகிறவள் என்று மேலாளருக்கும் தெரியும். கேள்வி அத்தோடு முடிந்தது.

உடும்பு முதலில் பிடித்தது மாதிரித் துண்டு எடுக்கிற வழக்கத்தை. மாலையில் வேலை முடியும்போது கடைசிச் சுருளின் நுனியிலிருந்துதான் வெட்டிச் சோதனைக்குக் கொடுப்பார்கள். காலம் காலமாக அப்படித்தான். அவள் காலையில் ஓடுகிற முதல் சுருளின் தொடக்கத்திலிருந்து வெட்டி, பிசின் ஊட்டிச் சுட்டு, வழுக்கை அண்ணனிடம் நீட்டினாள். எந்திரம் தொட்டதும் துண்டு விசிறி மாதிரி விரிந்தது. மாலைத் துண்டு கல்லாக நின்றது.

"அடடா" என்றார் அண்ணன். "காலையில குளிச்சது அழுக்கு, சாயங்காலம் குளிச்சது சுத்தமா? மனுஷங்களுக்கு நேர்மாறா இருக்கே."

காலையில் தொட்டி குளிர்ந்து கிடக்கிறது, அதுதான் காரணம் என்று நினைத்தாள். சீக்கிரமே வந்து கரைசலைச் சூடாக்கிவிட்டு ஓட்டினாள். விரிந்தது. மின்சாரம் போதவில்லையோ என்று கூட்டிப் பார்த்தாள். கடிக்கச் சொன்னால் மின்சாரம் தின்றே விட்டது. இழை சுருளில் ஏறும்போதே பொடிப்பொடியாக முறிந்தது. உப்பை மாற்றினாள், அலசுகிற தண்ணீரை மாற்றினாள், அடுப்பைப் பிரித்துத் துடைத்தாள். அத்தை பின்னிவிட்ட சடை கலைய வீட்டுக்குப் போனாள். தலைகீழாக நின்றும் ஒன்றும் நடக்கவில்லை.

"விட்டுத் தொலையேன்" என்றார் அண்ணன். "உன் பிடிவாதம் நல்லதுதான், ஆனா இழைகிட்ட காட்டாதே. அதுக்கு மனுஷங்க மேல பயமே கிடையாது."

விடுகிற ஆளா அவள்? நாற்காலி போகிற விடுமுறைக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. ஒரு நாள் காலையில் நேராக அவர் மேசை முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, இன்னைக்கு முதல் சுருளை நீங்க ஓட்டுங்க."

"என் முதுகை மறந்துட்டியா?"

"ஒரே ஒரு சுருள். குனியற வேலை வந்தா நான் குனியறேன்."

"கைராசியை நம்ப ஆரம்பிச்சுட்டியா?" என்று சிரித்துக்கொண்டே எழுந்தார்.

எதையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். அதே குளிர்ந்த தொட்டி, அதே தண்ணீர், அதே இழை. அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அண்ணன் தொப்பி போட்டார், புதுக் கையுறை மாட்டினார். இழை ஏறுவதற்கு முன்னால் உருளைகளைக் கையுறைக் கையால் ஒரு தடவு தடவினார், தூசி இருந்தால் விரலுக்குத் தெரியும் என்பதற்காக. இவளும் தினமும் அப்படித்தான் செய்கிறாள். அவரிடம் பார்த்துக் கற்ற பழக்கம். பிறகு தொப்பியை மேலே தள்ளிவிட்டு, அதே கையுறையோடு வழுக்கைத் தலையைச் சுகமாகச் சொறிந்தார்.

"அண்ணே! கையுறையோட தலையைச் சொறியாதீங்க!"

"ஏன்? இந்த அறையில இருந்த வரைக்கும் சொறிஞ்சுக்கிட்டுதானே இருந்தேன். யோசனை வேற எப்படி வரும்?" என்றவர் அந்தக் கையாலேயே மறுபடி உருளையைத் தடவி இழையை ஏற்றினார்.

சுருளின் தொடக்கத்திலிருந்து வெட்டிய துண்டை அவரே எந்திரத்தில் வைத்தார். எந்திரம் முனகியது. துண்டு விரியவில்லை. இன்னும் அழுத்தினார். கடைசியில் இழையோடும் பிசினோடும் சேர்ந்தே முறிந்தது, ஏடு பிரியவில்லை. முறிய வேண்டிய முறைப்படி முறிந்திருந்தது.

"பாத்தியா?" என்று கையை விரித்துக் காட்டினார் அண்ணன். "ராசி!"

 அவள் அவர் கையைப் பார்க்கவில்லை. அவர் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொப்பிக்கு வெளியே வந்த ஒரு முடியைத் தள்ளிவிடத் தன் கை நெற்றிக்குப் போயிருப்பதை அப்போதுதான் உணர்ந்தாள். கையுறைக் கை. ஒரு நாளைக்கு எத்தனை முறை இப்படிப் போகிறது என்று அவளுக்கே தெரியாது. அத்தனை முடியை ஒரு தொப்பிக்குள் அடக்க முடியுமா? நழுவும், தள்ளுவாள், நழுவும்.

குளிப்பாட்டிய இழையில் நெய்த துணியில் ஒரு துண்டை மேசைமேல் விரித்தாள். கையுறை விரலைத் தன் பின்னலில் ஒருமுறை நீவினாள். அந்த விரலால் துணியின் ஓரத்தைத் தொட்டாள். தொட்ட இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர், தொடாத இடத்தில் ஒரு சொட்டு. தொடாத இடத்துச் சொட்டு தட்டையாகப் படர்ந்து துணிக்குள் இறங்கிவிட்டது. தொட்ட இடத்துச் சொட்டு தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டையாக நின்றது.

"அண்ணே, உங்க தலையைக் கொஞ்சம் கொடுங்க."

அவர் தலையைத் தடவிய விரலால் தொட்ட இடத்தில் தண்ணீர் நல்ல பிள்ளையாகப் படர்ந்தது.

அண்ணன் இரண்டு சொட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ ராசி கையில இல்லையா?" என்று தன் மண்டையைத் தட்டினார். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்னம்மா போட்டிருக்கே தலைக்கு?"

"நான் எதுவும் போட்டுக்கிறதில்ல" என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். கண்ணாடிப் புட்டி. அத்தையின் உள்ளங்கை. வேர் முதல் நுனி வரை நீவுகிற விரல்கள். தலையிலிருந்து கையுறைக்கு, கையுறையிலிருந்து உருளைக்கு, உருளையிலிருந்து முதல் சுருள் முழுக்க. இழை ஓட ஓட உருளை தானே துடைத்துக்கொள்ளும், மாலைச் சுருளில் ஒன்றும் இருக்காது, மாதிரியை மாலையில்தான் வெட்டுவார்கள்.

கண்டுபிடித்துவிட்டாள். சந்தோஷப்பட வேண்டும். தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதாள். அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டு, முதுகுவலியோடு குனிந்து, ஒரு புதுக் கையுறை ஜோடியை அவளிடம் நீட்டினார். அவள் அதில் மூக்கைச் சிந்தினாள்.

அழுகை முடிந்ததும் வேலை ஆரம்பித்தது. மேலாளரிடம் போய்ச் சொட்டைக் காட்டினாள். அன்று மாலையே கதவில் ஒட்டியிருந்ததில் ஒரு வரி கூடியது: தலைக்குச் சீரமும் கூடாது. வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பாத்திரம் கழுவுகிற சோப்பால் தலையைத் தேய்த்தாள், நுரை கிறீச்சிடும் வரை. மறுநாளும் தேய்த்தாள். ஒரு கற்றையைக் கையுறையில் நீவித் துணியில் தொட்டு, தண்ணீர் படர்ந்த பிறகுதான் தொட்டி அறைக்குள் கால் வைத்தாள். உருளைகளைக் கழற்றித் துடைத்தாள். முதல் சுருள், நடுச் சுருள், கடைசிச் சுருள் எல்லாவற்றிலும் துண்டு வெட்டினாள். ஒன்றும் விரியவில்லை. அந்த இழையில் நெய்து, அடுக்கி, சுட்டெடுத்த பாதத்தை அண்ணன் எந்திரத்தில் ஏற்றி, யானை வந்து நடந்தாலும் தாங்குமா என்று பார்க்கிறவர் மாதிரி அமுக்கி அமுக்கி எடுத்தார். பாதம் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்துகொண்டது.

இந்த நாள்களில் அவள் அத்தையின் முக்காலிப் பக்கமே போகவில்லை. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சீக்கிரம் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்துவிட்டு ஓடினாள். ஒரு நாள் காலையில் அத்தை சீப்பை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "என் காலுதான் இல்லன்னு ஆச்சு. கையும் வேண்டாமா உனக்கு?"  உடும்பு செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

விடுமுறைக்கு முதல் நாள் சாயங்காலம் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பேருந்து ஓட்டுகிறவன். எந்தத் தகராறையும் பிரேக் போட்டு நிறுத்தத்தான் பார்ப்பான்.

"அண்ணனுக்கு முடி இல்லாததாலதான் பாதம் உடையலையா? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறியே!"

"முடிச்சு அங்கதான் இருக்கு."

அவன் கொஞ்ச நேரம் பாத்திரங்களை அடுக்கினான். "சரி. ஆனா அம்மாகிட்ட இதைச் சொல்லாதே. தொட்டி மேல பழியைப் போடு. தொட்டி வருத்தப்படாது. தன் கையாலதான் தன் கால் போச்சுன்னு தெரிஞ்சா தாங்கமாட்டாங்க. அவங்களுக்கு மிஞ்சினது உன் தலை ஒண்ணுதானே?"

அவள் யோசித்தாள். தொட்டி குளிர்ந்திருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தை நம்பிவிடுவாள், மாட்டிக்கொள்வாள். நாக்கு நுனி வரை வந்த பொய், அதுவும் நல்ல பொய்.

"அத்தை கேட்டது காரணத்தை. பொய்யைச் சொல்லி நிக்க வெச்சா, அவங்க அடுத்தவங்க கழுத்துல கத்தி வெக்கிறப்பல்லாம் எனக்குத்தான் உயிர் போகும்" என்றாள். பிடித்த பிடி அதுதான் என்று அவனுக்குத் தெரிந்தது. 

விடுமுறை நாள் காலை. முன்னறையில் நாற்காலியைத் துடைத்து, போர்வை போட்டு மூடித் தயாராக வைத்திருந்தாள் அத்தை. கண்ணாடி முன்னால் சீப்பு, கத்திரி, கத்தி, புட்டி எல்லாம் வரிசை கலையாமல் இருந்தன. உடும்பு பாதத்தைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்தாள். அத்தை அதைப் பார்க்காத மாதிரி இருந்தாள்.

"காரணம் தெரிஞ்சுடுச்சு அத்தை."

"சொல்லு."

சொன்னாள். எதையும் விடவில்லை. சொல்லி முடிக்கும்வரை அத்தை குறுக்கே பேசவில்லை; அது அந்த வீட்டில் அதுவரை நடக்காத அதிசயம். பிறகு சக்கர நாற்காலியை உருட்டிப் போய்ப் புட்டியை எடுத்தாள். விரலில் ஒரு சொட்டு விட்டு, கட்டைவிரலால் தேய்த்தாள்.

"நானா?"

"உங்க கை இல்ல அத்தை. என் கையுறை, தொப்பி, உருளை, மாதிரி வெட்டுற நேரம்..."

"பூசி மெழுகாதே. இது என்கிட்டேர்ந்துதான் போச்சான்னு கேக்கிறேன்."

"ஆமா அத்தை."

கணவன் கதவோரம் நின்று தரையைப் பார்த்தான். அத்தையின் கண் நிறைந்தது. வழிய விடவில்லை, புறங்கையால் அழுத்தித் துடைத்தாள். "சாயம் போட வர்றவங்ககிட்ட முதல்ல நான் கேக்கிற கேள்வி என்ன தெரியுமா? சீரம் போட்டிருக்கீங்களான்னு. போட்டிருந்தா அலசிட்டு வரச் சொல்லுவேன், சாயம் பிடிக்காதுன்னு. இத்தனை பேருக்குச் சொன்னவ, உன் தலையில கொட்டிக் கொட்டி அனுப்பியிருக்கேன்."

"எனக்கும்தான் தோணல."

"அப்போ காலு மேல குத்தம் இல்ல."

"இல்ல."

"இப்போ செஞ்சதுல இது இல்லையே? நிச்சயமா?"

உடும்பு தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தாள்.

அத்தை பார்த்தாள். வாய் திறந்தது. "அடிப்பாவி! எதைப் போட்டுடி கழுவினே?"

"பாத்திரம் கழுவுற சோப்பு."

"வைக்கோல் போர் மாதிரி ஆக்கி வெச்சிருக்கியே! இந்தத் தலையோட தெருவுல போனா என் கடைப் பேர் என்னத்துக்கு ஆகும்?" தான் விழுந்த அன்றுகூட அத்தைக்கு இவ்வளவு கோபம் வரவில்லை.

"கடையைத்தான் மூடியாச்சே" என்றான் மகன்.

அவனுக்கு ஒரு பார்வை கிடைத்தது. "நீ வாயை மூடிட்டு அந்தத் திருகுச் சாவியை எடு. அந்தக் காலை எடுத்துட்டு வாடி. இதை உக்காந்துக்கிட்டு வெட்ட முடியாது."

திருகினார்கள். அத்தை இரண்டு கையையும் ஊன்றி எழுந்தாள். பிடிக்கப் போன மகனின் கையைத் தட்டிவிட்டாள். ஓர் அடி. இன்னொன்று. பாதம் அமுங்கியது, நிமிர்ந்தது. சத்தம் எதுவும் இல்லை. போர்வையை உருவி எறிந்துவிட்டு நாற்காலியைத் தட்டிக் காட்டினாள். உடும்பு உட்கார்ந்தாள்.

"எவ்வளவு எடுக்கட்டும்?"

"தொப்பிக்குள்ள அடங்கிற அளவுக்கு."

கத்திரி பேச ஆரம்பித்தது. முழம் முழமாகக் கூந்தல் தரையில் விழுந்தது. அத்தை முதலில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சுற்றினாள், பிறகு பிடிக்காமல் சுற்றினாள். கல்யாணமான நாளிலிருந்து வளர்த்த முடி. வெட்டுகிறவளுக்கும் வலித்தது, வெட்டிக்கொள்கிறவளுக்கும் வலித்தது. 

கடைசியில் பின்கழுத்து வந்தது. அத்தை கத்தியை எடுத்தாள். இடது பக்கம் முடித்தாள். அடுத்து எடையை வலது காலுக்கு மாற்ற வேண்டும். கத்தி நின்றுவிட்டது. கண்ணாடியில் அத்தையின் முகம் வெளுத்திருந்ததை உடும்பு பார்த்தாள்.

"கழுத்துல கத்தி போடணும்டி."

"போடுங்க அத்தை."

"காலு பிரிஞ்சுதுன்னா?"

"பிரியாது."

"எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றே?"

"நான் செஞ்சது. இந்தத் தடவை எப்படிச் செஞ்சேன்னு எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டுத் தலையை இன்னும் குனிந்து, கழுத்தை நன்றாகக் காட்டினாள். கண்ணை மூடவில்லை.

அத்தை மூச்சை இழுத்துக்கொண்டு வலது காலில் ஏறி நின்றாள். முழு எடையும் அங்கே போனது. கத்தியின் குளிர்ச்சி உடும்பின் கழுத்தில் இறங்கி, வளைந்து, காதுக்குப் பின்னால் போய் முடிந்தது. ஒரு கீறல் இல்லை.

வாசலில் தள்ளுவண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. புதுச் சலூன்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். "நாற்காலியை எடுத்துட்டுப் போகலாம்னு..." என்று இழுத்தார்.

அத்தை மருமகளின் கழுத்தில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பெஞ்சுல உக்காருங்க. அடுத்தது நீங்கதான்."

அவர் தன் தலையைத் தடவிப் பார்த்தார். வெட்ட வேண்டிய அளவுக்கு வளர்ந்துதான் இருந்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.